கற்சிலைமடு முதல் வட்டுவாகல் வரை: வன்னிப் போர்க்களங்களும் குடிவழி வரலாறும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளிற் பல, வன்னிமைகளின் தோற்றம், அவற்றின் தலைவர்கள், அந்நியரோடு அத்தலைவர்கள் நடத்திய போர்கள் என்பவற்றையே தமது பொருளாகக் கொண்டுள்ளன. யாழ்ப்பாண அரசுக்கும் நுவரகலாவியாவுக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பில் வாழ்ந்த சாதாரண குடிகள், அப்போர்களின்போது எங்கிருந்தனர், எவ்வாறு பிழைத்தனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை ஒரு குடும்பத்தின் வரலாற்றினூடாக எழுப்பிப் பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரையாகும்.

இக்கட்டுரையை எழுதும் நாம் இருவரும் கணவன் மனைவியர். எம்முள் ஒருவரின் தாய்வழி ஒட்டுசுட்டான் - முள்ளியவளைப் பகுதியைச் சேர்ந்தது. மற்றவரின் தந்தைவழி தென்மராட்சியிலிருந்து குடியேற்றக் காணி பெற்றுக் கிளிநொச்சிக்கு வந்தது. எமது பிள்ளைகள் வேற்று நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்கென ஒரு குடிவழிப் பட்டியலை வரைய வேண்டும் என்ற எண்ணத்துடனேயே வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். எமது குடும்பக் கதைகளில் வரும் இடங்களை நாட்டுப்படத்திற் குறித்தபோது, அவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை ஏதோவொரு காலத்துப் போர்க்களங்களாக இருப்பதைக் கண்டோம். இது எமது குடும்பத்துக்கு மட்டும் உரிய சிறப்பன்று. வன்னியில் எக்குடும்பம் தன் முன்னோரைத் தேடிப் புறப்பட்டாலும் அதன் வழி களங்களினூடாகவே செல்லும்.

பெயர் பெறும் வழிகள்

வன்னியின் கடந்த காலத்தை எழுத்தாவணங்களில் தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர், அங்கு யாருடைய பெயர்கள் காணப்படுகின்றன என்பதாகும். பனங்காமம், மேல்பற்று, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, தென்னமரவடி, முள்ளியவளை முதலான வன்னிமைகளின் தலைவர்கள் யாழ்ப்பாண மன்னர்க்கும், 1619 இன் பின் போர்த்துக்கேயர்க்கும், 1658 இன் பின் ஒல்லாந்தர்க்கும் திறை செலுத்தவேண்டியோராய்க் கருதப்பட்டனர். அத்திறையில் யானைகள் முதன்மை பெற்றன. திறை ஒழுங்காகச் செலுத்தப்படாதபோதெல்லாம் அந்நியர் குறிப்புகளில் வன்னியரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. ஆனால் யானையைக் காட்டிற் பிடித்துப் பழக்கிய பணிக்கரின் பெயர்களை அக்குறிப்புகளிற் காண்பது அரிது. அவர்களைப் பற்றிய நினைவு, வேலப்பணிக்கன் ஒப்பாரி போன்ற நாட்டார் மரபுகளிலேயே தங்கியுள்ளது.

பெயர் பெறுதற்குரிய இரண்டாவது வழி சிறைப்படுதல். 1782 ஐ அண்டி ஒல்லாந்தர் வன்னியை நேரடியாகத் தம் ஆட்சிக்குட்படுத்த முனைந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தனர். அவ்வெதிர்ப்பில் முன்னின்ற மரியா செம்பாத்தை என்னும் வன்னிச்சி சிறைபிடிக்கப்பட்டுக் கொழும்புக் கோட்டையில் அடைக்கப்பட்டார். சிறைவாசத்துடன் சேர்ந்தே அவர் பெயர் எமக்குக் கிடைத்துள்ளது. அவரைப் போன்று சிறைப்படாத, ஆயினும் அதே எதிர்ப்பிற் பங்குகொண்ட ஏனைய பெண்களைப் பற்றி நாம் ஏதும் அறியோம்.

மூன்றாவது வழி தோற்றல். இதற்குச் சிறந்த சான்று கற்சிலைமடுவாகும்.

1803 ஆம் ஆண்டு

பண்டாரவன்னியன் பற்றிய செய்திகளை வரன்முறையாக நோக்குதற்கு 1803 ஆம் ஆண்டின் பின்னணியை நினைவுகூர்தல் வேண்டும். 1795 இல் முல்லைத்தீவு பிரித்தானியர் வசமாயிற்று; 1796 இல் இலங்கையின் கரையோரப் பகுதிகள் யாவும் அவர்கள் கைக்கு மாறின. 1803 இன் தொடக்கத்தில் பிரித்தானியப் படைகள் கண்டியைக் கைப்பற்றின. எனினும் காய்ச்சலாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் நலிந்த அப்படை நெடுநாள் அங்கு நிலைக்க முடியவில்லை. அவ்வாண்டு யூன் மாதம் மேஜர் டேவியின் கீழிருந்த காவற்படை கண்டியரிடம் சரணடைந்து பின் கொல்லப்பட்டது. இதனைத் தொடர்ந்து கண்டியர் பல முனைகளிலும் பிரித்தானியரின் நிலைகளைத் தாக்கத் தலைப்பட்டனர்.

இச்சூழலிலேயே 1803 ஓகஸ்ட் 25 ஆந் திகதி பண்டாரவன்னியன் கண்டியரின் துணையுடன் முல்லைத்தீவிலிருந்த பிரித்தானிய நிலையைத் தாக்கினார். அங்கிருந்த கப்டன் வொன் டிரிபேர்க்கின் காவற்படை எதிர்த்து நிற்க இயலாது கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. வன்னியின் பெரும்பகுதி சில கிழமைகள் பண்டாரவன்னியனின் செல்வாக்கின் கீழ் வந்தது. பிரித்தானியர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகளை அனுப்பினர். ஒக்ரோபர் 31 ஆந் திகதி அதிகாலையில், கற்சிலைமடுவில், டிரிபேர்க்கின் படை எதிர்பாராத வேளையிற் பாய்ந்து பண்டாரவன்னியனை முறியடித்தது.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல் ஆங்கிலத்தில் அமைந்த ஒரு சிறு வாசகத்தைத் தாங்கியது. இவ்விடத்தருகே கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்னும் பொருளும், 1803 ஒக்ரோபர் 31 என்னும் திகதியும் தவிர வேறெதுவும் அதில் இல்லை. வாக்கியத்தின் எழுவாய் வென்றவர், செயப்படுபொருள் தோற்றவர். உடனிருந்தோர் எவரும் அதில் இடம்பெறவில்லை. களத்தில் எத்தனை பேர் மாண்டனர், அவர்கள் எவ்வூரவர், அவர்தம் உடல்கள் எங்கு புதைக்கப்பட்டன என்பனவும் சொல்லப்படவில்லை. ஆயினும் ஆட்சியாளர் தம் வெற்றியைப் பறைசாற்ற நாட்டிய அக்கல்லே, தோற்ற தலைவனின் நினைவிடமாகப் பிற்கால மக்களாற் கொள்ளப்பட்டது. கல்லின் எழுத்து ஒன்றைச் சொல்ல, அதனைச் சூழ்ந்து நின்ற மக்கள் பிறிதொன்றைப் படித்தனர் எனலாம்.

இங்கு ஒரு திரிபையும் சுட்டுதல் தகும். 1803 ஒக்ரோபர் 31 ஆந் திகதியைப் பண்டாரவன்னியன் வீழ்ந்துபட்ட நாளாகவே பலர் கருதுகின்றனர். கல் கூறுவது தோல்வியை மட்டுமே, மரணத்தை அன்று. அவர் அதன் பின்னரும் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, 1810 ஐ அண்டிப் பனங்காமத்தில் இறந்தார் என்பதே ஆவணங்களின் வழி வரும் செய்தி. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் இக்காலத்தை ஆராய்வோர் தவிர்க்க முடியாத நூலாகும். அந்நூல் ஓர் ஆட்சி அலுவலரின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது என்பதை மறவாது அதனைப் பயன்படுத்தல் வேண்டும். களத்தில் வீழ்ந்த வீரன் என்ற படிமம், தோற்றபின் காடுகளிற் பல்லாண்டு மறைந்து திரிந்த மனிதன் என்ற உண்மையை மறைத்துவிட்டது. எமது நோக்கில், களத்தில் இறப்பதினும் கடினமான வரலாறு அப்பிந்திய ஆண்டுகளிலேயே இருக்கின்றது.

குறிப்பேடும் உறுதியும்

எமது தாய்வழிப் பாட்டனார் 1971 இல் எழுதிய ஒரு குறிப்பேட்டின் படி எம்மிடம் உண்டு. மூலம் 2009 இல் இடப்பெயர்வின்போது தொலைந்தது. அதற்கு முன்னரே வெளிநாடு சென்ற உறவினர் ஒருவர் படியெடுத்து வைத்திருந்தமையால் அதன் உள்ளடக்கம் தப்பியது. தம் முன்னோர் ஒருவர் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் பக்கத்தில் நின்று போரிட்டு மடிந்தார் என்றும், காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பே தோல்விக்குக் காரணம் என்றும் பாட்டனார் அதில் எழுதியுள்ளார். சிறு வயதிலிருந்து நாம் கேட்டு வளர்ந்த கதையும் இதுவே. பிள்ளைகளுக்கான பட்டியலின் உச்சியில் அம்முன்னோரை வைக்கவேண்டும் என்ற ஆவலை நாம் மறைக்கவில்லை.

ஆயின் அக்குறிப்பேட்டைச் சான்றாக ஏற்பதில் இடர்கள் உள. முதலாவது, 1938 இல் முடிக்கப்பட்ட காணி உறுதியொன்றின் படியில் எமது குடும்பத்தவர் வயலுக்கு உரிமை பெற்ற வரலாறு மூன்று தலைமுறை வரை சொல்லப்படுகின்றது. அதில் வன்னியர் தொடர்பு பற்றிய குறிப்பெதுவும் இல்லை. உரிமைக்கு வலுச் சேர்க்கக்கூடிய அத்தகைய செய்தி அன்று வழக்கில் இருந்திருப்பின் விடப்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. இரண்டாவது, பாட்டனாரின் கதை அமைப்பும் அதில் வரும் காக்கை வன்னியன் பாத்திரமும் கதை மரபிலும் நாடக மரபிலும் பெரிதும் பரவியிருந்தவை. 1960 களில் முல்லைமணியின் ‘பண்டார வன்னியன்’ நாடகம் இவ்வீரனை வன்னி மக்களிடையே மீண்டும் நிலைநிறுத்தியது. வீரயுக உணர்வு ஓங்கிய அக்காலத்தில் ஒரு கிராமத்துப் படித்த மனிதர் தம் முன்னோரை அக்களத்தில் நிறுத்திப் பார்க்க விழைந்தமை இயல்பே. இதனைப் பொய் எனத் தள்ளுவதினும், 1971 ஆம் ஆண்டின் மனநிலைக்குரிய ஆவணமாகக் கொள்வதே பொருத்தமாகும்.

முள்ளியவளையிற் கேட்டது

கற்சிலைமடுவிலிருந்து முள்ளியவளைக்குச் சென்றோம். எமது தாய்வழியில் எஞ்சியுள்ள மூத்தவராகிய பெரியம்மா அங்கு வாழ்கின்றார். எண்பது வயதைக் கடந்தவர். எழுதப் படிக்கச் சிறிதே அறிந்தவர். குறிப்பேட்டிலுள்ள செய்தியை வாசித்துக் காட்டி, அம்முன்னோரின் பெயரை அவர் அறிவாரா எனக் கேட்டோம். சிறிது நேரம் வெற்றிலையை மடித்தபடி இருந்தவர் கூறியதை அவர் வாய்மொழியிலேயே தருகின்றோம்:

“உங்கட அப்பு நல்லா எழுதுவார், கதையும் நல்லாச் சொல்லுவார் பிள்ளை. ஆனால் எங்கட ஆக்கள் வாளெடுத்துச் சண்டை பிடிச்ச ஆக்களில்லை. சண்டை வருகுதெண்டு கேள்விப்பட்டு விதைநெல்லைக் கட்டிக்கொண்டு காட்டுக்கை இறங்கின ஆக்கள். மழை இறுக முதல் திரும்பி வந்து விதைச்சவை. எங்கட ஆச்சி அப்பிடித்தான் சொல்லுறவ. அதாலைதான் நீங்களும் இருக்கிறியள், நானும் இருக்கிறன்.”

இக்கூற்று முதலில் எமக்கு ஏமாற்றத்தையே தந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பின்னரே அதன் வரலாற்றுப் பெறுமதி புலப்படத் தொடங்கியது. வன்னியின் காலபோக வேளாண்மை வடகீழ்ப் பருவமழையை நம்பியது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைப்பு நிகழ்வது வழக்கம். ஒக்ரோபர் இறுதி என்பது விதைப்பின் உச்சகாலம். மூன்று திசைகளிலிருந்தும் படைகள் நுழைந்த அக்கிழமைகளில் வயலில் இறங்க முடியாத குடிகளுக்கு, அடுத்த ஆண்டின் உணவு முழுவதும் தலையிற் சுமந்து சென்ற விதைநெல்லிலேயே தங்கியிருந்தது. போரின் திகதியை மனனஞ் செய்த நாம், அத்திகதி வேளாண்மை நாட்காட்டியில் எங்கு விழுகின்றது என்பதை ஒருபோதும் நோக்கியதில்லை. எழுதப் படிக்கச் சிறிதே அறிந்த ஒரு மூதாட்டியின் கதையே அதனை எமக்குச் சுட்டிக்காட்டிற்று.

எனினும் ஆய்வு நெறியில் எச்சரிக்கை வேண்டும். பெரியம்மா தம் ஆச்சியிடம் கேட்ட கதையைத் தம் சொந்த அனுபவத்தினூடாகவே எமக்குச் சொல்கின்றார். 2008 இன் பிற்பகுதியிலிருந்து அவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர். வயலில் நெல் முற்றிக்கொண்டிருந்தபோது அதனைவிட்டுச் சென்றதை அவர் பலமுறை கூறினார். “சண்டை” என்று அவர் சொல்லும்போது அது எந்தச் சண்டை என்பதை ஒவ்வொரு முறையும் நாம் கேட்டுத் தெளியவேண்டியிருந்தது. 2009 இன் அனுபவம் 1803 பற்றிய கதையைத் திருத்தியமைத்திருத்தல் கூடும். பாட்டனாரின் கதையை 1960 களின் நாடகம் திருத்தியமைத்தது போலவே. இரு கதைகளுள் எது உண்மை எனத் தீர்ப்பளிக்க எம்மிடம் ஆவணம் இல்லை. ஆயின் ஒரு செய்தி எவ்வாதத்துக்கும் அப்பாற்பட்டது: இன்று உயிர்வாழும் எக்குடும்பமும், எந்தக் களத்திலிருந்தும், பிழைத்தவர்களின் வழித்தோன்றலே. களத்தில் நின்று மடிந்தோர் போற்றப்பட வேண்டியவர் என்பதில் ஐயமில்லை. குடிவழி வரலாறோ பெயர்ந்து சென்று மீண்டு வந்தோரினதே. இத்தகைய மீள்வருகைகள் எத்தனை நிகழ்ந்தன, எவ்வெக் குளங்கள் மீண்டும் கட்டப்பட்டன, எவ்வூர்கள் காடாகியே போயின என்பவற்றை ஆராயாமல் வன்னியின் வரலாற்றை எழுதிவிட முடியாது.

குடிவழிப் பட்டியல் இல்லாதோர்

முன்னோரைத் தேடுதல் என்பதே ஒரு வகையில் நிலமுடையோரின் உரிமையாக இருந்துவந்துள்ளது. உறுதி உள்ள குடும்பத்துக்குக் கொடிவழி உண்டு. கோயில் முறை உள்ள குடும்பத்துக்கும் உண்டு. வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபில், தீர்த்தமெடுத்தல் முதலிய கடமைகள் வழிவழியாகப் பேணப்படுகின்றன. இவற்றினூடாகப் பெயர்களும் நிலைக்கின்றன. பிறர் வயலில் கூலிக்கு உழைத்தோரும், சாதி ஒடுக்குமுறையாற் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரும் அப்பெயர்த் தொடரில் இடம்பெறவில்லை.

கிளிநொச்சியின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். இந்நகரம் இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. 1920 களின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் பயன்பாட்டுக்கு வந்தமையும், அதனைத் தொடர்ந்த குடியேற்றத் திட்டங்களும் அதனை உருவாக்கின. 1984 இலேயே அது தனி மாவட்டமாயிற்று. எம்முள் மற்றவரின் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர். அவரது காணிக்கு அப்பால் குடியிருந்தோர் 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலைநாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அக்குடும்பத்து முதியவர் ஒருவரிடம் அவர் முன்னோர் பற்றிக் கேட்டபோது, தம் பாட்டன் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்ததாகவும், ஊரின் பெயர் தமக்குத் தெரியாதெனவும் கூறினார். அவருக்குக் கற்சிலைமடுவும் இல்லை, வன்னிமையும் இல்லை. ஆனால் 2009 இல் அவர் இழந்தோர் இருவர். காடு வெட்டிக் களனியாக்கிய உழைப்பிலும் போரின் இழப்பிலும் அவர் பங்கு எவருக்கும் குறைந்ததன்று. வன்னியின் புகழை 1803 உடன் தொடங்கி முடிப்போர் இத்தகைய மக்களை அறியாமலே விருந்தினராக்கி விடுகின்றனர்.

இவ்விடத்தில் மற்றொரு வெளியேற்றத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய இடங்களின் முஸ்லிம்களும் தம் வீடுகளையும் வயல்களையும் விட்டுச் சென்றனர். பல தலைமுறைகளாக எமது குடும்பத்தவரோடு கொடுக்கல் வாங்கல் கொண்டிருந்த அவர்களின் குடிவழியும் வன்னியின் குடிவழியே. எமது குறிப்பேடுகளில் அவர்கள் பெயர்கள் இல்லாமை எமது குறிப்பேடுகளின் குறையாகும்.

புதிய களங்கள்

முள்ளியவளையிலிருந்து வட்டாப்பளை வழியாக முல்லைத்தீவை அடைந்தோம். 1803 இல் தாக்கப்பட்ட அதே முல்லைத்தீவிலே 1996 யூலை 18 ஆந் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இராணுவ முகாம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் உயிரிழந்தனர். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையோரத்தை அழித்தது. நகரின் வடக்கே நந்திக்கடலின் முகப்பில் வட்டுவாகற் பாலம் உள்ளது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து பல்லாயிரம் மக்கள் இப்பாலத்தைக் கடந்தே வெளியேறினர். கற்சிலைமடுவுக்கும் இப்பாலத்துக்கும் இடைப்பட்ட வழியை இன்று ஒரு மணி நேரத்துட் கடக்கலாம்.

இறுதிப் போரின் பின் வந்த ஆண்டுகளில் இக்களங்கள் ஒருவகைச் சுற்றுலாத் தலங்களாயின. ஆனையிறவில் 1991 யூலையில் உயிரிழந்த படைவீரர் ஒருவரின் நினைவுச்சின்னமும், கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியும், புதுக்குடியிருப்புப் பகுதியில் எழுப்பப்பட்ட வெற்றித்தூபியும், 2013 ஒக்ரோபரில் தகர்க்கப்படும் வரை புலிகளின் தலைவரது நிலக்கீழ் உறைவிடமும் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோர்க்குக் காட்டப்பட்டன. அதே காலத்தில் மாவீரர் துயிலுமில்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. தம் பிள்ளைகள் புதைக்கப்பட்ட இடத்தை அடையாளங் காட்டவும் பெற்றோரால் இயலாதுபோயிற்று. வென்றவர் கல் நாட்டுதலும் தோற்றவரின் கல் பெயர்க்கப்படுதலும் 1803 இன் பின் இரு நூற்றாண்டு கடந்தும் மாறாத நடைமுறையாயிருந்தன. தம் பிள்ளைகளை இழந்த சிங்களக் கிராமத்துப் பெற்றோரும் அப்பேருந்துகளில் வந்திருப்பர். வெற்றித்தூபி அவர்களுக்கும் தம் மகனின் பெயரைச் சொல்லவில்லை.

உலகின் பிற களங்களோடு ஒப்பிடுவது இங்கு பயன் தரும். பிரான்சின் சோம் களத்தில் 1932 இல் திறந்துவைக்கப்பட்ட தியப்வால் நினைவகத்தில், உடல் கண்டெடுக்கப்படாத 72,000 இற்கு மேற்பட்ட படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அங்கு செல்லும் குடும்பத்தவர் தம் பாட்டன் அல்லது பூட்டனின் பெயரை ஒரு தூணிற் கண்டு விரலால் தொட்டுத் திரும்புகின்றனர். பேரரசுகளின் போரில் மடிந்த சாதாரணப் படையினனுக்கும் பெயர் உண்டு என்ற கோட்பாடு அங்கு ஏற்கப்பட்டது. படையினரல்லாத மக்களுக்கு அக்கோட்பாடு இன்னும் முழுமையாக நீட்டிக்கப்படவில்லை. முள்ளிவாய்க்காலில் ஆண்டுதோறும் மே 18 இல் கூடுவோர் தம்மவரின் நிழற்படங்களைத் தாமே கொண்டுவந்து, தாமே பெயர் சொல்லி விளக்கேற்றுகின்றனர்.

இரண்டு வெற்றிடங்கள்

இனி எமது பட்டியலுக்கு வருவோம். அதில் இரு கட்டங்கள் நிரப்பப்படாதுள்ளன.

ஒன்று உச்சியிலுள்ளது. 1803 இல் வாழ்ந்த எம் முன்னோரின் கட்டம் அது. போரிட்டு மடிந்தவரா, விதைநெல்லுடன் காட்டுக்குச் சென்று மீண்டவரா என்பதை நாம் அறியோம். அவர் பெயரும் உறுதியாகத் தெரியாது. அவரைப் பற்றி எழுதிவைப்பதில் அன்றைய ஆட்சிக்கு அக்கறை இருக்கவில்லை. எழுதாமற் போனதைத் தேடிப் பெறுதல் எந்த வரலாற்றாசிரியராலும் இயலாது.

மற்றது கீழே, எமது தலைமுறையிலுள்ளது. எம்முள் ஒருவரின் இளைய சகோதரர் 2009 மே மாதத்தின் பின் எவ்விதத் தகவலும் இல்லாதவர். அவர் பிறந்த ஆண்டு உண்டு, படித்த பாடசாலையின் பதிவு உண்டு, பங்கீட்டு அட்டையிற் பெயர் உண்டு. 2010 இன் சட்டமொன்று இவ்வாறானோரை இறந்தோராகப் பதிவதற்கு வழிசெய்தது. 2016 இன் திருத்தமொன்று, இறப்பைச் சொல்லாது ஆள் இல்லாமையை மட்டும் சான்றுபடுத்தும் பத்திரத்துக்கு இடமளித்தது. எமது குடும்பம் இரண்டையும் இன்றுவரை பெறவில்லை. கட்டத்தில் எதனை எழுதுவது என்று இரவு முழுவதும் பேசினோம். பெரியம்மா, “வருவான் எண்டு எழுத வேண்டாம், செத்தான் எண்டும் எழுத வேண்டாம்” என்றார்.

இவ்விரு வெற்றிடங்களும் ஒரே தன்மையன அல்ல என்பதே எமது பயணத்தின் முடிவாகும். 2009 இல் எண்ணிக்கைகள் எழுதப்பட்டிருந்தன. அப்போது மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் 2011 யனவரியில் அவ்வெண்ணிக்கைகளையே எடுத்துரைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது என்ன என்பதே அவர் கேட்ட வினா. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அதே ஆண்டு, பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக் கூடும் எனக் கூறியது. எண்களிடையே வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை ஆராய்தல் புலமையாளரின் கடன். ஆனால் இரண்டு எண்களுக்குப் பின்னாலும் பெயர்களைக் கொண்ட பதிவேடுகள் இருந்தன, கண்ட சாட்சிகள் உளர், கட்டளையிட்டோரும் உளர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியிலும், தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் இதனையே. அவர்களிற் பலர் விடை பெறாமலே இறந்துவிட்டனர்.

உச்சியிலுள்ள வெற்றிடத்தை நாம் அவ்வாறே விட்டுவிடலாம். பெயரறியா ஒரு முன்னோர் விதைநெல்லுடன் மீண்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் இழிவேதுமில்லை. அதனையே சொல்ல எண்ணியுள்ளோம். கீழேயுள்ள வெற்றிடம் வரலாற்று ஆய்வாளருக்குரியதன்று. விடை அறிந்தோர் உயிருடன் இருக்கும்வரை அது பதிலளிக்கப்படவேண்டிய வினாவாகும். இன்று அதனைக் கேளாது விடுவோமாயின், இரு நூறு ஆண்டுகளின் பின் ஒரு தம்பதியினர் வட்டுவாகலில் வந்து நின்று, நாம் கற்சிலைமடுவில் நின்றதுபோல், ஒரு திகதியை மட்டுமே கண்டு திரும்ப நேரிடும்.

பட்டியலைப் பிள்ளைகளுக்கு அனுப்பியுள்ளோம். சகோதரரின் கட்டத்தில் அவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதி, அதன் கீழ், “2009 மே மாதம் வட்டுவாகலுக்கு இப்பால், தேடப்படுகின்றார்” எனக் குறித்துள்ளோம்.